மான் சீசன் முதல் நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்தால் போதும், பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்திருக்கும் சென்னை வாசகர்களிடமிருந்து மான் வேட்டை பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழில் மொத்தமாகப் பதில் சொல்லியிருக்கிறோம்.

மேடிசனில் இருக்கும் என் மகனை, ஆபீஸ் நண்பர் தன் குடும்பத்தோடு 'டியர் ஓப்பனிங் டே'க்கு வரச்சொல்லியிருக்கிறார். ஏதோ திருவிழா மாதிரி பேசுகிறான். அது எந்த நாள்? எத்தனை நாள் நடக்கும்?
– மயிலாப்பூர் வாசகி

திருவிழா என்று அவர் சொன்னதில் தப்பில்லை. மிச்சிகனில் நவம்பர் 15 அன்று பல பள்ளிக்கூடங்களுக்கு லீவே விட்டுவிடுகிறார்கள். தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறை ஒரே குடிலில் தங்கி, முந்தின ராத்திரி சீட்டாடி, விடியுமுன் காட்டுக்குள் போவது அங்கே பல வீடுகளில் வருஷா வருஷம் நடப்பது.

தேதியை ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று வைத்திருக்கிறது. விஸ்கான்சினில், அதாவது உங்கள் மகன் இருக்கும் இடத்தில், துப்பாக்கி சீசன், நவம்பர் நாலாவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள் நடக்கும். மிச்சிகனில் எந்தக் கிழமையானாலும் நவம்பர் 15 முதல் 30 வரை. டெக்சாஸில் நவம்பரின் முதல் சனிக்கிழமை. பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமையாக இருந்ததை 2019-ல் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். வில் அம்பு வேட்டைக்குத் தனி சீசன், அது இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும்.

விஸ்கான்சினில் சூரிய உதயத்துக்கு 30 நிமிடம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் பின்பு வரைதான் சுடலாம். அந்த வாரத்தில் மேடிசன் பக்கம் காலை ஏறக்குறைய ஆறரைக்குத் தொடங்கும், அப்போது நமக்கு மாலை 6 மணி. அந்த நேரம் பார்த்து வீடியோ கால் போடாதீர்கள் அம்மா. இரண்டு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் சட்டைப்பையில் போன் அலறினால் அந்தக் குடும்பம் அடுத்த வருஷம் கூப்பிடாது. நமக்கு இரவு ஒன்பதரை, பத்துக்குப் பேசுங்கள், காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.

என் மகன் எச்1பி விசாவில் இருக்கிறான். "லைசென்ஸ் எல்லாம் எதற்கு, என் துப்பாக்கியை வாங்கி ஒரு தடவை சுட்டுப் பார்" என்று நண்பர் சொல்கிறாராம். சுடலாமா?
– தாம்பரம் வாசகர்

கூடாது. இந்த இதழில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள், மகனுக்கும் அனுப்புங்கள்.

குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்த யாரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். எச்1பி, எச்4, மாணவர் எஃப்1, உங்களைப் போல் பார்க்க வருகிறவர்களின் பி2 எல்லாம் இதில் அடக்கம். நண்பருடைய துப்பாக்கி, ஐந்து நிமிடம்தான், டார்கெட்டில்தான் சுட்டோம் என்ற சமாதானம் எடுபடாது. குற்றம் நிரூபணமானால் 15 வருஷம் வரை சிறை போட இடமிருக்கிறது. அதற்கு முன்பே விசா போய்விடும்.

இந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை பொருந்தாது. ஆகவே முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி. சுட்டுப் பழக ரேஞ்சுக்குப் போவதற்கும் இதே வரிசைதான்.

லைசென்ஸ் வாங்க ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்திருக்க வேண்டும். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த எல்லோருக்கும் இது கட்டாயம், டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு. அக்டோபர் கடைசியில் விழித்துக்கொண்டு வகுப்பு தேடினால் இடம் கிடைக்காது, ஆகஸ்டிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். வகுப்பு முடிக்காதவர்களுக்கு விஸ்கான்சினில் மென்டார் முறை உண்டு. லைசென்ஸும் அனுபவமும் உள்ள பெரியவர் ஒருவர் கை நீட்டினால் தொடும் தூரத்திலேயே இருக்க வேண்டும். அந்த முறையில் போனாலும் மகன் பெயரில் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் இன்னொன்று. விஸ்கான்சின் லைசென்ஸ் மார்ச் 31-ல் முடிகிறது. நவம்பரில் ஆசையாக வாங்கிய ரைஃபிள் ஏப்ரல் 1 அன்றும் அலமாரியில் இருக்கும், லைசென்ஸ் இருக்காது. அன்றிலிருந்து அந்த ரைஃபிளே குற்றம். புது வருஷ லைசென்ஸை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், அல்லது சொந்தமாகத் துப்பாக்கி வாங்காமலே இருந்துவிடலாம். எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் இருப்பதால், குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

நாங்கள் பி2 விசாவில் மகன் வீட்டில் இருப்போம். கணவருக்கு வயது 64, சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறார். சும்மா கூடப் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறார். போகலாமா? என்ன உடுத்துவது?
– அசோக் நகர் வாசகி

துப்பாக்கியைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் புதருக்குள் நடந்து மானை விரட்டிவிடும் வேலைக்கு அவரை அனுப்பக் கூடாது, விரட்டுவதும் வேட்டையில்தான் சேர்த்தி, அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

நம்மவர்களைப் படுத்துவது குளிரைவிட வேர்வைதான். ஜாக்கெட், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அரை மைல் நடந்து போவார்கள். உள்பனியன் வேர்வையில் நனையும். பிறகு நாலு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், மைனஸ் 5 டிகிரியில் அந்த ஈரப் பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். எனவே நடக்கும்போது மெல்லிய உடையோடு நடந்து, கனமான ஜாக்கெட்டைப் பையில் தூக்கிக்கொண்டு போய், உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பருத்தி எதுவும் வேண்டாம், ஜீன்ஸ் கூடவே கூடாது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், அதன்மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். சாக்ஸ் மெல்லியது ஒன்று, கம்பளி ஒன்று போதும். மூன்றாவதைத் திணித்தால் பூட் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். பூட்ஸை அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். உட்கார ஒரு ஃபோம் துண்டு எடுத்துப் போகட்டும், தரைக்குளிர் ஏறாது.

இனி இன்சுலின். உறைந்துவிட்டால் அது பயன்படாது, உருகின பிறகும் பயன்படாது, தூக்கிப்போட வேண்டியதுதான். பேனாவைப் பைக்குள்ளோ காரிலோ விடாமல் உள்சட்டைப் பையில், உடம்புச் சூடு படும் இடத்தில் வைக்கட்டும். பாதத்தைச் சூடேற்றும் ஹீட் பேக்கின் பக்கத்தில் வேண்டாம், அதிகச் சூட்டிலும் கெட்டுவிடும். சர்க்கரை பார்க்கும் மீட்டர்கள் பெரும்பாலும் 10 முதல் 40 டிகிரிக்குள்தான் சரியாக வேலை செய்யும், அதையும் உள்ளேயே வைத்திருக்க வேண்டும். குளிரில் விரல் நுனியில் ரத்தமும் சுலபமாக வராது. பனியில் நடப்பதும் நடுங்குவதும் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும். கடலை மிட்டாய் இரண்டும் குளுக்கோஸ் மாத்திரையும் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஹீட் பேக்கே வேண்டாம், புண்ணாவது தெரியாது.

சீசன் முதல் நாளன்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் துப்பாக்கிக் காயக்காரர்களோடு மாரடைப்புக்காரர்களும் உண்டு. பனியில் 60 கிலோ மானை இழுத்து வருவது நெஞ்சுக்குப் பெரிய பாரம். அந்தக் கயிற்றை அவர் பிடிக்கவே வேண்டாம்.

ஆரஞ்சு நிறச் சட்டை போட்டால் மானுக்குத் தெரியாதா?
– பெரம்பூர் மாணவர்

மானின் கண்ணில் சிவப்பு, ஆரஞ்சைப் பிரித்துக் காட்டும் செல்கள் கிடையாது. நமக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அதற்கு மங்கிய புல்லின் நிறம். நீலமும் புறஊதாவும்தான் அதற்கு நன்றாகத் தெரியும். அதனால் நீல ஜீன்ஸ் காட்டிக்கொடுக்கும், 'வெள்ளையோ வெள்ளை' என்று பளிச்சிட வைக்கும் சோப்புத்தூளில் துவைத்த துணியும் காட்டிக்கொடுக்கும்.

மனிதனுக்கு மனிதன் தெரிவதற்குத்தான் ஆரஞ்சு. விஸ்கான்சினில் இடுப்புக்கு மேல் வெளியே தெரியும் உடையில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சாக இருக்க வேண்டும், தொப்பி போட்டால் அதிலும் பாதி. 2016 முதல் ஒளிரும் பிங்க்கும் செல்லும். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம். சும்மா பார்க்கப் போகிறவரும் போட்டுக்கொள்வதுதான் புத்தி. ஆரஞ்சு ஜாக்கெட் மீது கறுப்பு முதுகுப்பையை மாட்டி எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறார்கள், அதைக் கவனியுங்கள்.

கண்ணைவிட மூக்குதான் மானுக்குப் பலம். தேங்காய் எண்ணெய், டால்கம் பவுடர், முந்தின நாள் போட்ட சாம்பிராணி, காலையில் தாளித்த பெருங்காயம் எல்லாமே அதற்கு எட்டும். காற்று மான் வரும் பக்கத்திலிருந்து நம் முகத்தில் அடிக்கும்படி உட்கார்ந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஒரே காட்டில் பத்துப் பேர் துப்பாக்கியோடு நின்றால் ஆபத்தில்லையா? எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– வேளச்சேரி வாசகி

ஆபத்து உண்டு. ஒழுங்கான குழு அதை முந்தின இரவே மேஜையில் தீர்த்துவிடும். அந்த இடத்தின் வரைபடத்தை விரித்து, யார் எந்தப் பரணில், எந்தப் பாதையில் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுதிக் குடிலில் ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொருவரும் எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் கூடவே கூடாது என்பதும் அதில் இருக்கும். "இங்கே ரொம்ப போர், நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறேன்" என்று சொல்லாமல் இடம் மாறுகிறவர்தான் குழுவிலேயே ஆபத்தானவர்.

வகுப்பில் நாலு விதி சொல்லித் தருவார்கள். எந்தத் துப்பாக்கியானாலும் தோட்டா இருப்பதாகவே நினை. குழல் முனையை எப்போதும் பாதுகாப்பான பக்கம் வை. குறியும் குறிக்குப் பின்னால் இருப்பதும் தெளிவாகத் தெரிந்த பிறகே சுடு. சுடும் நொடி வரை விரலை விசைக்கு வெளியே வை. முதல் நாள் விபத்துகளில் அதிகம் மீறப்படுவது மூன்றாவது விதி. அரையிருட்டில் அசைவது மான்தான் என்று மனசு முடிவுகட்டிவிடும். அது என்னவென்று பார்க்க ரைஃபிளின் ஸ்கோப்பைத் தூக்குகிறார்கள், அதாவது அசையும் மனிதனை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறார்கள். பார்ப்பதற்குக் கழுத்தில் பைனாகுலர் தொங்க வேண்டும். ரைஃபிள் தோட்டா மைல் கணக்கில் போகும், மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மானைச் சுடவே கூடாது.

துப்பாக்கியைவிடப் பரணிலிருந்து விழுவதால் அடிபடுகிறவர்கள் அதிகம். மரத்தில் கட்டும் பரணில் ஏறுகிறவர் தரையில் நிற்கும்போதே முழு உடல் பெல்ட்டை மாட்டி, மரத்தோடு போகும் கயிற்றில் கொக்கியைப் போட்டுவிட வேண்டும். "மேலே போய் மாட்டிக்கொள்கிறேன்" என்பவர்கள் ஏணிக்கும் பரணுக்கும் இடையில் கால் மாற்றும்போதுதான் விழுகிறார்கள். துப்பாக்கியைத் தோளில் போட்டு ஏறக் கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்து, மேலே போன பிறகு கயிற்றில் இழுத்துக்கொள்ள வேண்டும். வண்டியில் ஏற்றும்போதும் காலித் துப்பாக்கிதான்.

காதுக்கு மூடி கட்டாயம். ரைஃபிள் சத்தம் 140 டெசிபெலுக்கு மேல், ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். சின்னச் சத்தத்தைக் கூட்டி வெடிச் சத்தத்தை அடைக்கும் எலக்ட்ரானிக் மூடிகள் கிடைக்கின்றன. குழந்தையைக் கூட்டிப் போனால் முதலில் அதைத்தான் வாங்க வேண்டும். பீர் எல்லாம் துப்பாக்கியைப் பூட்டிவைத்த பிறகு.

மகன் மானைச் சுட்டானாம், ஓடிவிட்டதாம். உடனே பின்னால் போகாமல் அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்தார்களாம். ஏன்?
– கொளத்தூர் வாசகர்

பெரியவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். நெஞ்சில் குண்டு பட்ட மானும் நூறு கெஜம் ஓடித்தான் படுக்கும். துரத்தாவிட்டால் அங்கேயே சாகும். துரத்தினால் பயத்தில் எழுந்து இன்னும் ஒரு மைல் போய் யாருக்கும் கிடைக்காமல் சாகும்.

சுட்ட இடத்தில் கிடக்கும் ரத்தத்தைப் பார்த்தால் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று தெரியும். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், அரை மணி போதும். கறுத்த சிவப்பாக இருந்தால் ஈரல், மூன்று நாலு மணி நேரம் விட வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றமடித்தால் குடல், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். வெயில் ஏறும் டெக்சாஸில் அவ்வளவு காத்திருந்தால் கறி கெட்டுவிடும், அதனால்தான் குடலில் படும் சூட்டை அங்கே எல்லோரும் சபிக்கிறார்கள். கடைசியாக ரத்தம் பார்த்த இடத்தில் ஆரஞ்சு ரிப்பன் ஒன்றைக் கட்டிவிட்டு முன்னே போக வேண்டும். தடம் விட்டுப்போனால் அங்கே திரும்பி வந்து மறுபடி தொடங்கலாம்.

ஒரு மானில் எவ்வளவு கறி தேறும்? போன வருஷம் கொண்டுவந்த கறி தொடை எலும்பு ஓரம் நாறியது, அத்தனையும் குப்பையில்.
– ஆவடி வாசகர், மகன் டல்லாஸில்

உயிரோடு 68 கிலோ இருக்கும் மானில் குடல் எடுத்த பிறகு ஏறக்குறைய 55 கிலோ, எலும்பு நீக்கினால் 25 கிலோ கறி. குண்டு பட்ட இடத்தை வெட்டி எறிந்தால் இன்னும் குறையும்.

தொடை எலும்போரம் நாறியதற்குக் காரணம் சூடு தணியாததுதான். மானின் உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல், தடித்த தொடைக்குள் எலும்பை ஒட்டிக் கடைசி வரை நிற்கும். வெளியே தொட்டால் சில்லென்று இருக்கும், உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். டல்லாஸில் நவம்பரில் பகலில் 25 டிகிரி போவது சகஜம். தோலோடு வண்டியின் பின்னால் போட்டு, எல்லோருக்கும் காட்டி, போட்டோ எடுத்து, வழியில் சாப்பிட்டு வீடு சேர்ந்தால் இந்தக் கதிதான்.

சுட்ட ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்துவிட வேண்டும். கையுறை போட்டு, மானை மல்லாத்தி, தலைப் பக்கம் மேடாக இருக்கும்படி கிடத்துங்கள். நெஞ்செலும்பு முடியும் இடத்தில் சின்னதாகக் கீறி, இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே கத்தியின் கூரான பக்கம் மேலே பார்க்க இடுப்பு வரை கிழித்து வாருங்கள். கத்தி கீழே பார்த்தால் இரைப்பையோ மூத்திரப்பையோ கிழியும், கறி முழுக்க அந்த நாற்றம். ஆசனவாயைச் சுற்றி அறுத்து நூலால் கட்டிவிடுங்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வை விலா ஓரமாக அறுத்து, கையை நெஞ்சுக்குள் விட்டு மூச்சுக்குழாயை எட்டும் மட்டும் மேலே அறுத்து இழுத்தால் எல்லாம் ஒரே கொத்தாக வந்துவிடும். கவிழ்த்து ரத்தம் வடியவிட்டு, வயிற்றை ஒரு குச்சியால் விரித்து வையுங்கள். ஓடைத் தண்ணீரில் கழுவாதீர்கள், கிருமிதான் சேரும். டெக்சாஸில் இரண்டு ஐஸ் மூட்டையை வயிற்றுக்குள் வைத்து, வீட்டுக்குப் போவதற்குள்ளேயே தோலை உரித்து நாலு பாகமாகப் பிரித்து ஐஸ் பெட்டியில் போட்டுவிட வேண்டும். 4 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் நிம்மதி.

கணக்குக் காட்டுவதையும் மறக்க வேண்டாம். விஸ்கான்சினில் மறுநாள் மாலை 5 மணிக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். மிச்சிகனில் உடனே மானில் டேக் (அடையாளச் சீட்டு) கட்டி, 72 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும்.

மான் கறியில் சுக்கா செய்தேன். ரப்பராக வந்தது, ஒரு மாதிரி வாடையும். ஆட்டுக்கறி மாதிரியேதான் செய்தேன்.
– திருவான்மியூர் வாசகி, இப்போது மகள் வீட்டில்

ஆட்டுக்கறி மாதிரியே செய்ததுதான் கோளாறு. ஆட்டில் கொழுப்புதான் ருசி. மானின் கொழுப்பு மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும், வாடை முக்கால்வாசி அதிலிருந்தும் வெள்ளைச் சவ்விலிருந்தும் வருவது. இரண்டையும் துளி விடாமல் சீவி எடுங்கள், ஒரு கிலோவுக்கு அரை மணி நேர வேலை. உப்புத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் ரத்தவாடையும் குறையும்.

எந்தப் பாகம் என்று பார்த்துச் சமைக்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் கறி தனியே வந்தால் அதைக் குக்கரில் போடாதீர்கள், மெல்லிசாக வெட்டி மிளகுத்தூளோடு இரண்டு நிமிடம் வதக்கினாலே போதும், கூடினால் ரப்பர். முன்னங்கால், கழுத்துக்குத்தான் குக்கர்: ஒரு கிலோவுக்கு அரைக் கப் தயிர், இரண்டு மேஜைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள் சேர்த்து நாலு மணி நேரம் ஊறவைத்து, நாலைந்து விசில் விட்டு, சிறு தீயில் இன்னும் 15 நிமிடம். பிறகு சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு சுருள வதக்கும்போது நல்லெண்ணெய் நாலு மேஜைக்கரண்டிக்குக் குறைய வேண்டாம், கறியில் இல்லாத கொழுப்பை நாம்தான் தர வேண்டும். பப்பாளிக்காய் விழுது போடுகிறவர்கள் ஒரு கரண்டி, ஒரு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். இல்லையேல் மேலே கூழாகி உள்ளே கெட்டியாக நிற்கும். கொத்துக்கறியில் கோலா செய்தால் நடுவில் 71 டிகிரி வரும் வரை வேக வேண்டும்.

'ஸோம்பி மான்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? என் மருமகள் மாசமாக இருக்கிறாள், சாப்பிடலாமா?
– கே.கே. நகர் வாசகி

பெயர் பத்திரிகைக்காரர்கள் வைத்தது, நோய் உண்மை. சிடபிள்யூடி (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்பார்கள், மானை மெல்ல மெலியவைத்துக் கொல்லும். முதலில் 1967-ல் கொலராடோவில் கண்டார்கள், விஸ்கான்சினில் 2002-ல். காரணம் கிருமி கிடையாது, பிரியான் என்னும் கோணலான புரதம், சமைத்தாலும் அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் இருப்பதாகத் தெரிந்த மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. அறிகுறி தெரிய ஒன்றரை வருஷத்துக்கு மேலாகலாம், எனவே கொழுகொழுவென்று ஓடிய மான் நல்ல மான் என்று சொல்ல முடியாது. தொண்டை ஓரத்து நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதிப்பார்கள், விஸ்கான்சினில் இலவசம். முடிவு வரும் வரை பொட்டலத்தில் தேதி எழுதி ஃப்ரீசரிலேயே கிடக்கட்டும். மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல் எதுவும் சமையலறைக்குள் வர வேண்டாம். வெட்டிக் கொடுக்கும் கடையில் நம் மானைத் தனியாகத் தரச் சொல்லுங்கள், சில இடங்களில் பலருடைய கறியைச் சேர்த்து அரைத்துவிடுகிறார்கள்.

மருமகளுக்கு எங்கள் கவலை ஈயம். ஈயத் தோட்டா உள்ளே பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறி, காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் கறிக்குள் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. 2008-ல் வடக்கு டகோடாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த அரைத்த மான் கறியில் ஈயம் இருந்ததால் அதை எறியச் சொன்னார்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் செம்புத் தோட்டாவால் அடித்த மான் என்று தெரிந்தால் மட்டும், நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். தெரியாவிட்டால் இந்த வருஷம் வேண்டாம்.

நாங்கள் சைவம். மாப்பிள்ளை 20 கிலோ மான் கறியை வீட்டு ஃப்ரீசரில் அடுக்கிவிட்டார். என்ன செய்வது?
– திருவல்லிக்கேணி வாசகி

காரேஜில் சின்ன ஃப்ரீசர் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள், மாமி. வேட்டைக் கறியை விற்கச் சட்டம் இடம் தராது, ஆனால் ஏழைகளுக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்குத் தானமாகக் கொடுக்கலாம்.

நவம்பரில் அங்கே கார் ஓட்டுவது ஆபத்தென்கிறார்களே?
– அம்பத்தூர் வாசகர்

ஆமாம், அது மான்களின் இணைசேரும் காலம், ரோடு தெரியாமல் ஓடும். ஒன்று குறுக்கே போனால் பின்னால் இன்னொன்று வரும். பிரேக் போடுங்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள். மானில் மோதுவதைவிட மரத்தில் மோதுவது மோசம்.

தமிழ்நாட்டில் லைசென்ஸ் வாங்கி மான் வேட்டையாட வழி உண்டா? புரசைவாக்கத்தில் எங்கள் தாத்தா காலத்து மான் கொம்பு ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது, அது சிக்கலா?
– புரசைவாக்கம் வாசகர்

முதல் கேள்விக்கு: இல்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று நம் நாட்டில் மான் சீசன் என்று ஒன்று கிடையாது. கிண்டியும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் வேட்டைக்காடாக இருந்ததுதான். 1978 முதல் தேசியப் பூங்கா, 2.7 சதுர கிலோமீட்டருக்குள் வெளிமானும் புள்ளிமானும் இருக்கின்றன. வெளிமான் அந்தச் சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் வருகிறது. அதை வேட்டையாடினால் 3 முதல் 7 வருஷம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

கொம்புக்கு வனத்துறை கொடுத்த உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று வீட்டுப் பத்திரங்களில் தேடுங்கள். இருந்தால் வைத்திருக்கலாம், விற்கக் கூடாது. தாத்தா காலமாகி உங்களுக்கு வந்திருந்தால், வந்த 90 நாளுக்குள் வனத்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். சான்றிதழே இல்லை என்றால், கணக்குக் காட்டிச் சான்றிதழ் வாங்க 2003-ல் எல்லோருக்கும் கொடுத்த கடைசி வாய்ப்பும் முடிந்துவிட்டது. வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சென்னை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குப் போய் ஒப்படைத்துவிடுங்கள். ஆன்லைனில் போட்டோ போட்டு விலை கேட்டால் விஷயம் வேறாகிவிடும்.

மகன் அடித்த மானின் கொம்பையும் கொஞ்சம் காய்ந்த கறியையும் பெட்டியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுவரலாமா?
– நங்கநல்லூர் வாசகர்

கறி வேண்டவே வேண்டாம், கால்நடைப் பொருட்களை இறக்குமதி செய்ய முன்கூட்டியே சுகாதார அனுமதி வேண்டும், பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருகிறவரிடம் அது இருக்காது. கொம்பு அமெரிக்க வெள்ளைவால் மானுடையதா, நம் ஊர் மானுடையதா என்று மீனம்பாக்கத்தில் நள்ளிரவு ஸ்கேனில் பார்க்கும் கஸ்டம்ஸ் அதிகாரிக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவைக் கூப்பிடுவார், அவர்கள் வரும்வரை நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கொம்பு மகன் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.